எலிக்குட்டியின் சிறுநீரகமும் என் மகளின் கல்யாணமும்

தாயி,

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சந்தனம் எடுத்துக்கொள்ளும் மேசையில் இந்தக் கடிதத்தின் நகல்களை வைக்கப்போகிறேன். மகளுக்கு எழுதுவதை ஊருக்கு எதற்குக் காட்ட வேண்டும் என்று நீ கேட்பாய். பத்திரிகை கொடுக்கப் போன ஒவ்வொரு வீட்டிலும், போடி கடைவீதியில் தொடங்கி போடிமெட்டு டீக்கடை வரைக்கும், எனக்கு ஒரே கேள்விதான். "பொண்ணு மெட்ராஸ்ல என்ன சோலி பாக்குது?" மாட்டு டாக்டருக்குப் படித்தாள் என்றால் தலையாட்டுகிறார்கள். இப்போது மாடு பார்ப்பதில்லை, பிறந்த எலிக்குட்டிகளைப் பார்க்கிறாள் என்றால் ஆட்டிய தலை பாதியில் நின்றுவிடுகிறது. வீடு வீடாக விளக்கி எனக்குத் தொண்டை கட்டிப்போனது. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து, உனக்குச் சொல்வதுபோல, ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இதில் நீ அறிந்ததுதான் நிறைய வரும். ஆனால் அதெல்லாம் என் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பது உனக்குப் புதிதாக இருக்கலாம்.

ராசிங்காபுரத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்த நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் உன்னிடம் கெஞ்சினேன். "டாக்டருக்குப் படிச்சிருக்கேன், ஆராய்ச்சி பண்றேன்னு மட்டும் சொல்லுத்தா. மத்ததையெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் சொல்லிக்கிருவோம்." நீ சிரித்தாயே தவிர, சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேசரி வந்தது, காபி வந்தது, நீயும் வந்து உட்கார்ந்தாய். மாப்பிள்ளையின் அம்மா உன்னை நேராகப் பார்த்து, "என்ன ஆராய்ச்சித்தா பண்ற?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "பெறந்து ஒண்ணு ரெண்டு நாளான எலிக்குட்டிக்கு, சிறுநீரகத்துலருந்து மூத்திரம் எறங்குற குழாய நூலால கட்டிருவோம் அத்தை. கட்டுனா அந்தச் சிறுநீரகம் என்ன பாடுபடுதுன்னு பாப்போம்." அத்தை என்று வேறு சொல்லிவிட்டாய்! மாப்பிள்ளையின் சித்தப்பா வாய்க்குக் கொண்டுபோன கேசரியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். உன் அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு, சரி, இந்தச் சம்பந்தம் கேசரியோடு முடிந்தது என்றுதான் தோன்றியது.

ஆனால் அந்த அம்மா அசையவில்லை. "கட்டுனத அவுத்து விடுவியா?" என்று கேட்டார். "விடுவேன் அத்தை." "அவுத்து விட்டா சரியாப் போயிருமா?" நீ நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாய். "அதுதான் அத்தை கேள்வியே! வளந்த எலின்னா பெரும்பாலும் தேறிக்கிருது. பெறந்த குட்டின்னா, அவுத்து விட்டாலும் அந்தச் சிறுநீரகம் வளராமச் சூம்பிப் போகுது. ஏன் அப்பிடின்னு பாக்குறதுதான் என் சோலி." அந்த அம்மா காபியை ஆற அமரக் குடித்து முடித்துவிட்டு, "கேக்க வேண்டிய கேள்விதேன்" என்றார். மாப்பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தார்: "எங்கம்மா வயக்காட்டு வாய்க்கால் அடைச்சாலும் இப்பிடித்தான் கேப்பாக. அடைப்ப எடுத்தாச்சுன்னு சொன்னாப் பத்தாது, கடமடைப் பயிரு நிமிந்துச்சான்னு பாத்துச் சொல்லுன்னுவாக." வீடே சிரித்தது. சித்தப்பாவும் கேசரியை மறுபடி எடுத்துக்கொண்டார். கேள்வி கேட்கிற மாமியார் வாய்ப்பது எல்லாருக்கும் நடக்கிற காரியம் இல்லை, தாயி. அவர் கேட்கும்போதெல்லாம் அன்று சொன்னதுபோல நேராகவே சொல். என்னைப் போலத் தொண்டையைச் செருமாதே.

இது எங்கே ஆரம்பித்தது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், எங்கள் ஏலத்தோட்டத்தில் ஆரம்பித்தது என்றுதான் நான் சொல்வேன். எழுபதுகளில், காய் எடுக்கும் காலம் வந்தால் நாம் மூன்று பேரும் போடி வீட்டைப் பூட்டிவிட்டு போடிமெட்டுக்கு மேலே தோட்டத்து வீட்டில் போய் இருந்துவிடுவோமே, அந்த நாட்கள். உனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். செவலை என்று ஒரு பெண் நாய் நம் வாசலில் குட்டி போட்டிருந்தது. குட்டிகள் கண் திறக்கும் முன்பே, கொண்டை ஊசி வளைவில் லோடு ஏற்றி வந்த லாரி செவலையை அடித்துவிட்டது. நீ சாக்கு விரித்துக் குட்டிகளை அடுப்பு ஓரமாகக் கொண்டுவந்து வைத்தாய். உன் அம்மா ஆட்டுப்பாலைத் திரியில் நனைத்து ஊட்டினாள். நன்றாகத்தான் குடித்தன. ஆனால் மறுநாளே ஒவ்வொன்றின் வயிறும் தம்பட்டம் போல விறைத்துக்கொண்டது. கத்துகின்றன, குடிக்க மறுக்கின்றன. ஒரு குட்டி அன்று மத்தியானமே போய்விட்டது. பால் சேரவில்லை என்று அம்மா நினைத்தாள். குளிர் என்று நான் நினைத்தேன். இதெல்லாம் தாய் இல்லாமல் பிழைக்காது, பிள்ளையை அழ வைக்காதே, பேசாமல் விடு என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

நீ விடவில்லை. ஒரு குட்டியின் அடிவயிற்றில் சிந்திக் காய்ந்திருந்த பாலை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாய். திடீரென்று நீ போட்ட கூச்சலில், காய் காயவைத்துக்கொண்டிருந்த ஸ்டோரிலிருந்து நான் ஓடி வந்தேன். "அப்பா! மோளுதுப்பா! எம் மடியில மோண்டுருச்சுப்பா!" பாவாடை முழுக்க ஈரம். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தக் குட்டியின் வயிறு கண்ணெதிரே தணிந்துகொண்டிருந்தது. நீ அடுத்த குட்டியை எடுத்தாய், அதே இடத்தில் ஈரத்துணியால் மெல்ல வருடினாய், அதுவும் பெய்தது. "செவலை எந்நேரமும் இதுகளை நக்கிக்கிட்டே கெடக்கும்லம்மா? அழுக்குக்குன்னு நெனச்சோம். இதுக்குத்தேன்!" என்றாய். பிறந்த நாய்க்குட்டிக்குத் தானாக ஒன்றுக்குப் போகத் தெரியாது, தாய் நக்கித் தூண்டினால்தான் போகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அன்றிலிருந்து பால் ஊட்டுவதற்கு முன்னால் ஒரு துடைப்பு, பின்னால் ஒரு துடைப்பு. நீ இல்லாத நேரங்களில் உன் அம்மா செய்தாள். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், இவள் கரண்டியை வைத்துவிட்டு நாய்க்குட்டிக்கு மூத்திரம் பெய்யவைத்துக்கொண்டிருப்பாள். மிச்சக் குட்டிகள் எல்லாம் பிழைத்தன. போடிமெட்டுக்கும் பூப்பாறைக்கும் நடுவே அதற்குப் பிறகு குரைத்த நாய்களில் பாதி உங்கள் இருவர் கைவளர்ப்புத்தான்.

நீ கால்நடை மருத்துவம் படிக்க மெட்ராஸ் போனதும், படிப்பு முடிந்து அங்கேயே ஆராய்ச்சியில் சேர்ந்ததும் எல்லாருக்கும் தெரியும். உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் விழுந்த பிணக்குதான் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. உன் அம்மாவும் சொல்லச் சொல்லிவிட்டாள். ஆராய்ச்சியில் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது, சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில், மெட்ராஸில் நீ செய்வதைச் சொன்னாய். அம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "நூலை வச்சுக் கட்டுறியா? பச்சக் குட்டிக்கா?" "மயக்கம் குடுத்துத்தாம்மா. அதுக்கு வலி தெரியாது." "அப்புறம்?" "அப்புறம் சிறுநீரகத்த எடுத்துப் பாப்போம்." "எடுத்தா அது செத்துப் போகும்ல?" நீ குனிந்து சோற்றைப் பிசைந்தாய். அம்மா எழுந்து கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "மோளாத குட்டியப் பொழைக்க வச்ச கையித்தா அது. அந்தக் கையி இன்னைக்கி மோள விடாமக் கட்டுதா?"

அந்த விடுமுறை முழுக்க நீயும் அவளும் உப்பு, புளி பற்றித்தான் பேசிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நீ எழுதும் கடிதங்களை நான் வாசிக்க அவள் கேட்பாள். நீ ஆராய்ச்சி பற்றி எழுதிய இடம் வந்தால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவாள். எனக்கு நடுவில் நிற்பதுதான் வேலை. உனக்கும் சுலபமாக இல்லை என்பதை நான் அறிவேன். மறு வருஷம் தோட்டத்தில் என்னோடு நடந்து வந்தபோது நீயே சொன்னாய்: "ஒவ்வொரு தடவ நூல எடுக்கறப்பவும் அம்மா கேட்டது காதுல கேக்குதுப்பா. கேக்கட்டும். அது கேக்காமப் போச்சுன்னா நா இந்த வேலையச் செய்யக் கூடாது." நான், "சரி, எதுக்குப் பெறந்த குட்டியாப் பாத்துப் பண்ற? பெரிய எலியில பண்ணக் கூடாதா?" என்று கேட்டேன்.

நீ குனிந்து ஓர் ஏலக்கன்றைத் தொட்டுக் காட்டினாய். முந்தின கோடையில் ஓடை மறித்துப்போய்த் தண்ணீர் இல்லாமல் கிடந்த பாத்தி அது. "இதுக்குப் பெறகு நல்ல மழை பேஞ்சுச்சுல்லப்பா?" "பேஞ்சுச்சு." "பக்கத்துல பழைய தூரெல்லாம் காஞ்சு கெடந்து திரும்பத் தளுத்துருச்சு. இந்தக் கன்னு?" உயிரோடு இருந்தது, ஆனால் தூர் கட்டவே இல்லை. என் முழங்கால் உயரம்கூட வரவில்லை. "வளர வேண்டிய நேரத்துல தண்ணி நின்னு போச்சு. சிறுநீரகமும் அப்பிடித்தான். எலிக்குட்டி பெறக்கும்போது அதோட சிறுநீரகம் இன்னும் பாதி கட்டுன வீடு மாதிரி. பெறந்ததுக்கப்புறமும் கொஞ்ச நாளைக்கு உள்ள புதுசு புதுசாக் கட்டிக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல மூத்திரம் எறங்க வழி இல்லாமப் போனா, கட்டுற வேலை நின்னுபோகுது. மனுசப் பிள்ளைக்கு இதே கட்டுமானம் வயித்துக்குள்ள இருக்கும்போதே நடக்கு. சில பிள்ளைக வயித்துக்குள்ளயே அடைப்போட பெறக்குதுகப்பா. வயித்துக்குள்ள இருக்குற பிள்ளைய யாரும் பாக்க முடியாது. எலிக்குட்டியில பாக்கலாம்." பிறகு அந்த வளர்ச்சிக் காரணியைப் பற்றிச் சொன்னாய். உடம்பே சுரக்கிற ஒரு பொருள், துளியிலும் துளி, உயிரணுக்களிடம் போய் 'வளரு, பெருகு' என்று சொல்வதுதான் அதன் வேலை. சிறுநீரகமும் அதைச் சுரக்கிறது. அடைபட்டால் அந்தச் சுரப்புக் குறைந்துபோகிறது. அதை வெளியிலிருந்து ஊசியாகக் கொடுத்தால் நின்ற வேலை மறுபடி நடக்குமா என்பதுதான் உன் ஆராய்ச்சி. "அத எங்கேருந்து எடுப்பீக?" என்று கேட்டேன். "சுண்டெலியோட எச்சி சுரப்பியிலருந்துப்பா. தாய் குட்டிய நக்குற எச்சியிலயும் அது இருக்கு" என்று சொல்லிவிட்டு நீயே நின்றாய். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் செவலை ஞாபகம் வந்து சிரித்தோம். அம்மாவிடம் இதைச் சொல்லட்டுமா என்றேன். "வேணாம்பா. தானாக் கேக்கட்டும்" என்றாய். கோபம் வந்தால் எதிராளியை ஜெயிக்கப் பார்க்காமல், அவராகக் கேட்கிற வரைக்கும் காத்திருப்பது எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. உனக்கு வந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அதைத் தொலைத்துவிடாதே.

அவள் கேட்ட நாள் அதே காய் எடுப்புக் காலத்தில் வந்தது. நம் தோட்டத்தில் காய் எடுக்கும் பேச்சியம்மாள், பிறந்து பத்துப் பதினைந்து நாளான தன் பிள்ளையை அம்மாவிடம் காட்ட எடுத்து வந்தாள். தலைப்பிள்ளை, ஆண். அம்மா அதற்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி மடியில் போட்டிருந்தாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாய். பிள்ளையின் துணி நனைந்துகொண்டிருந்தது. பீய்ச்சவில்லை. சொட்டுச் சொட்டாக வந்தது. "எப்பவும் இப்பிடித்தான் சொட்டுமா, பேச்சி?" "ஆமாக்கா. எந்நேரமும் துணி ஈரமாத்தேன் கெடக்கும். நல்லாப் போகுதேன்னு சந்தோசமால்ல இருக்கோம்." "பால் குடிக்கிறானா?" "குடிப்பான், உடனே கக்கிருவான்." நீ பிள்ளையின் அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாய். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாய். கொய்யாக்காய் மாதிரி ஒரு கட்டி. அம்மா உன் முகத்தைப் பார்த்தாள். நாய்க்குட்டிகளின் வயிற்றைத் தொட்ட கை அல்லவா அது, அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நெறஞ்சு நெறஞ்சு வழியுதும்மா. போகல. பாதையில என்னமோ அடைச்சிருக்கு. இப்பவே மதுரைக்குக் கொண்டு போகணும்" என்றாய். பேச்சியம்மாளின் புருஷன் கருப்பையாவைத் தோட்டத்திலிருந்து கூட்டி வந்தார்கள். அவன் பயந்துபோனான். "பச்ச மண்ணு பாப்பா. இந்தப் பனியில மலை எறக்குனா தாங்குமா? அடுத்த வாரம் பேரு விட்டுட்டுக் கொண்டு போறோம்." நீ அவனிடம், "அண்ணே, நா இதத்தாண்ணே பாத்துக்கிட்டு இருக்கேன். எலிக்குட்டியில பாத்திருக்கேன். ஒவ்வொரு நாளா அந்தச் சிறுநீரகம் கெட்டுக்கிட்டே போகும். பேரு அப்புறம் விட்டுக்கிரலாம்ணே" என்றாய். எலிக்குட்டி என்றதும் அவன் முகம் மாறிவிட்டது. தன் பிள்ளையை எலியோடு சேர்த்துச் சொன்னது அவனுக்கு வலித்திருக்க வேண்டும். அவன் பேச வாயெடுத்தான். அதற்குள் உன் அம்மா எழுந்துவிட்டாள். பிள்ளையைச் சால்வையில் சுற்றி மார்போடு சேர்த்துக்கொண்டு, "எம் பொண்ணு தெரிஞ்சுதேன் சொல்லுறா, கருப்பையா. அவ சொன்ன குட்டியெல்லாம் பொழச்சிருக்கு. நானும் கூட வாரேன். வெரசாக் கெளம்பு" என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜீப்பைக் கூப்பிடாமல் என்ன பார்க்கிறீர்கள் என்று எனக்கும் ஓர் அதட்டல் கிடைத்தது.

போடிமெட்டில் ஜீப் ஓட்டும் மலையாளத்து அண்ணனை உனக்கு நினைவிருக்கும். வழக்கமாக வளைவுக்கு வளைவு ஹாரனும் பாட்டுமாக இறங்குகிறவர், அன்று பால் குடத்தைக் கொண்டுபோகிறவர் போல இறக்கினார். "பேடிக்கண்டா மோளே, குஞ்ஞினு ஒந்நும் வராது" என்று பேச்சியம்மாளைப் பார்த்து அவர் சொல்ல, அவள் அழுகையினூடே, "என்ன சொல்றாருக்கா?" என்று கேட்க, "பயப்படாதங்குறாரு, பிள்ளைக்கு ஒண்ணும் வராதுங்குறாரு" என்று நீ சொல்ல, மேகத்துக்குள்ளிருந்து வெயிலுக்கு இறங்கிவிட்டோம். போடியில் வண்டி மாற்றி, தேனி தாண்டி, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை பிள்ளையை உன் அம்மா யாரிடமும் கொடுக்கவில்லை. அங்கே டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நீ சொன்னதைக் கேட்டார், மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே விட்டார். வந்த மூத்திரத்தைப் பார்த்து நர்சம்மாவே, "இத்தனூண்டு பிள்ளைக்குள்ளயா இம்புட்டும் இருந்துச்சு!" என்றார். ஒன்றுக்குப் போகும் பாதையில் பிறக்கும்போதே மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே இருந்திருக்கிறது. அது வழியை மறித்துக்கொண்டிருந்தது. ரத்தத்தில் தேங்கிய கழிவு குறையட்டும், பிறகு ஆபரேஷன் பண்ணி அதை எடுத்துவிடலாம் என்றார்கள்.

உன் அம்மா திரும்பி வரமாட்டேன் என்றுவிட்டாள். காய் எடுப்பு நடுவில் அவள் இல்லாமல் நானும் தோட்டமும் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கடிதம் ஆகும். ஆபரேஷன் முடிந்து, குழாயை எடுக்கிற அன்றைக்கு நானும் மறுபடி மதுரைக்கு வந்திருந்தேன். குழாயை எடுத்தாகிவிட்டது. பிள்ளை அம்மாவின் மடியில் கிடக்கிறான். டாக்டர் குனிந்து பார்க்கிறார். பேச்சியம்மாளும் கருப்பையாவும் கையைப் பிசைகிறார்கள். நீ மூச்சு விடுகிறாயா என்று எனக்குச் சந்தேகம். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை கொட்டாவி விட்டான். பிறகு பார், குழாயடியில் விரலை வைத்து எடுத்ததுபோல ஒரு பீச்சு! வில் வளைந்த மாதிரி எழும்பி, டாக்டரின் மூக்குக் கண்ணாடியில் பட்டு, மிச்சம் உன் அம்மாவின் நெற்றிக் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. அவள் துடைக்கவே இல்லை. "மோண்டுட்டான்! எங்கப்பன் மோண்டுட்டான்!" என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கை தட்டினார்கள். கருப்பையா வார்டு என்றும் பார்க்காமல் தரையில் விழுந்து கும்பிட்டான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. நீயும் உன் அம்மாவும் கட்டிக்கொண்டு அழுதீர்கள். நான் அழவில்லை என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்.

அதன் பிறகுதான் வராந்தாவில் அவள் உன்னைக் கேட்டாள். டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: வலது சிறுநீரகம் தேறிவிடும், இடது கொஞ்சம் சிறுத்துப் போயிருக்கிறது. "அடைப்பத்தேன் எடுத்தாச்சே. அது இனிமே வளருமாத்தா?" "தெரியலம்மா." "டாக்டருக்கு?" "அவருக்கும் தெரியாதும்மா. யாருக்குமே இன்னும் சரியாத் தெரியாது. அதுக்குத்தான்..." அம்மா தன் ஈர முந்தானையைப் பிழிந்துவிட்டாள். "நல்லா மயக்கம் குடுத்துத்தான பண்ணுற?" "ஆமாம்மா." "முடிஞ்சதும் தாய்கிட்டத் திருப்பி விட்ருவியா?" "ஒடனே விட்ருவேன். அது இழுத்து வச்சு நக்க ஆரம்பிச்சிரும்." "வேணுங்குறதுக்கு மேல ஒண்ணக்கூடத் தொடக் கூடாது." "தொட மாட்டேன்மா." "எனக்கு அது பிடிக்கல. இப்பவும் பிடிக்கல. ஆனா நீ பாரு. நல்லாப் பாத்துச் சொல்லு." உனக்கு அந்த ஒப்புதல் போதுமானதாக இருந்தது. பிடிக்கவில்லை என்பதையும் சொல்லி, பாரு என்பதையும் சொல்ல முடிகிற மனுஷியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பேச்சுக்கு எப்போதும் இடம் இருக்கட்டும், தாயி. எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஒருவர் சொல்வதை மற்றவர் காதிலேயே வாங்குவதில்லையோ என்று தோன்றும்.

அடுத்த வருஷம் நீ போட்ட டிரங்க் கால் போடியில் இன்னும் பேச்சாக இருக்கிறது. நம் வீட்டில் போன் இல்லாததால் ஏலக்காய்க் கமிஷன் மண்டி நம்பரைக் கொடுத்திருந்தேன். அன்று மண்டியில் நல்ல கூட்டம். லைனில் நீ கத்துவது எனக்குப் பாதிதான் கேட்டது. நானும் கத்தினேன். "என்னது? சிறுநீரகம் பெருசா இருக்கா? அது நல்லதா கெட்டதாத்தா?" மண்டியில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "நல்லதுப்பா! அடைப்ப அவுத்து விட்டு, அந்த வளர்ச்சிக் காரணி ஊசி போட்ட குட்டிகளுக்கு, போடாத குட்டிகள விடச் சிறுநீரகம் நல்லா இருக்குப்பா! முழுசா இல்ல, கொஞ்சம்தான்! ஆனா திரும்பத் திரும்பப் பாத்துட்டோம், நெசந்தான்!" போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மண்டிக்காரர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறார். "உக்காருங்கண்ணே. டாக்டர் என்ன சொன்னாரு? எந்தப் பக்கத்துச் சிறுநீரகம்?" எனக்கில்லை, எலிக்கு என்று அவருக்குப் புரியவைத்து, எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், ஊரில் நாலு பேர் உன் அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நேராகப் பேச்சியம்மாளுக்குச் சேதி சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு போட்டாள்.

இப்போது கல்யாண வேலைக்கு நடுவிலும் அவளுக்குப் பேச்சு இதுதான். நேற்றுப் பந்தல் போட வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே, சிறுநீரகம் எப்படிக் கட்டி எழும்புகிறது என்று அவர்கள் நட்ட மூங்கில்களைக் காட்டியே விளக்கிக்கொண்டிருந்தாள். முறுக்குச் சுற்ற வந்த பெண்களுக்கும் பாடம் நடந்தது. பிள்ளை துணியை நனைத்தால் மட்டும் போதாது, எப்படி நனைக்கிறான் என்று பார்க்க வேண்டும், பீய்ச்சி அடிக்கிறானா, சொட்டுகிறதா என்று எண்ணெய்க் கையோடு நடித்துக் காட்டினாள். ஓர் இளம்பெண் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அவளே அம்மாவைத் தனியே கூப்பிட்டு, தன் அக்கா பிள்ளையைப் பற்றி ஏதோ கேட்டாள்.

நீ புகுந்த வீட்டுக்குப் போவதில் எனக்கு வருத்தம் இல்லையா என்று கேட்கிறார்கள். நீ போவது மெட்ராஸுக்கு, உன் எலிக்குட்டிகளிடம். மாப்பிள்ளைக்கும் வேலை அங்கேதான். இத்தனை நாள் நீ தனியாக இருந்தாய். இனி சாயங்காலம் வந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருப்பார். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? நல்லது நடந்த நாளை அவரிடம் சொல். ஒன்றும் சரிவராத நாளை அதற்கு முன்னால் சொல். அவர் அலுவலகத்தில் நடந்ததையும் அதே அக்கறையோடு கேள், எலியைவிடச் சுவாரசியம் குறைவாக இருந்தாலும்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டாள். நடுவில் இரண்டு இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். மண்டி இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். பேச்சியம்மாளின் பிள்ளை இப்போது தோட்டத்தில் ஓடுகிற ஓட்டத்தையும், போன மாசம் மதுரையில் காட்டியபோது இடது சிறுநீரகம் முன்னைக்குச் சற்றுத் தேவலை என்று டாக்டர் சொன்னதையும் எழுதி, "ஆகவே அது இனி வளரும்" என்று முடித்திருந்தேன். அந்த இடத்தில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"'வளரும்'னு எழுதாதீக. 'வளரலாம்'னு எழுதுங்க. எம் பொண்ணு இன்னும் பாத்து முடிக்கல."

திருத்திவிட்டேன், தாயி. வளரலாம்.

உன் அப்பா